ஆடியில் கிடைக்கும் லீவு

அதிரச மாவை வாழையிலையில் தட்டித் தருவது சௌம்யா. எண்ணெயில் விட்டு எடுப்பது மாமியார் நாகம்மா. ஆவடி குவார்ட்டர்ஸின் அந்த அடுப்பங்கரையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசற்படியிலிருந்துதான் பேச வேண்டும். பேக்டரிக்குக் கிளம்பிய மாமனார் உத்தமன் அப்படித்தான் நின்று, "தேவா எப்ப வரானாம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சௌம்யாவின் புருஷன் தேவா மாலத்தீவில் ஒரு சொகுசு விடுதியில் இனிப்பு செய்கிறவன். அந்தத் தீவில் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு கொண்டாட்டம். கிறிஸ்துமஸ், புது வருஷம், சீனர்களின் புது வருஷம், ஈஸ்டர். ஐப்பசியில் மும்பைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கித் தீபாவளி கொண்டாடுவார்கள். ஆனி, ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் தீவு காலி. அப்போதுதான் அவனுக்கு லீவு.

கல்யாணமான கையோடு போனவன் தலை தீபாவளிக்கு வரவில்லை. அடுத்த ஆடியில் வந்தான். ஆடியில் புதுப்பெண் புருஷனோடு இருக்கக் கூடாதென்று அவளை ஆரணிக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் பகலில் வந்து விருந்து சாப்பிட்டவன், கூட வந்த நாகம்மாவோடு சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பினான். ஆடி முடிந்தது, லீவும் முடிந்தது. மறுவருஷமும் அதே கதை. தலை தீபாவளி நடக்காத வரைக்கும் அவர்கள் புது ஜோடிதான், ஒவ்வொரு ஆடியும் தலை ஆடிதான் என்பது நாகம்மாவின் கணக்கு. மாப்பிள்ளை இல்லாமல் பெண் மட்டும் தீபாவளிக்குப் பிறந்த வீடு போவதும் முறையில்லையாம்.

இது மூன்றாவது தீபாவளி. இந்தத் தடவை நிச்சயம் வருகிறேன் என்றிருந்தான். சௌம்யா பெட்டிகூடக் கட்டிவிட்டாள்.

போன் அடித்தது. மாவுக் கையோடு அதை மிக்சியில் சாய்த்து வைத்தாள்.

"இதப் பாரேன்!" தேவா காமிராவைத் திருப்பினான். ஆள் உயரத்துக்கு லட்டுக் கோபுரம். பின்னால் தென்னை மரமெல்லாம் சீரியல் விளக்கு. "எல்லாம் நம்ம கைவரிசை."

"டிக்கெட் போட்டாச்சா?"

"மேனேஜர் முடியாதுன்னுட்டான் சௌம்யா. ஆள் பத்தலயாம். ஆடியில ஒரு மாசம் முழுசா எடுத்துக்கோன்றான்."

நாகம்மா கரண்டியோடு போனுக்கு முன்னால் வந்தாள். "இன்னாடா நைனா, ஊரான் ஊட்டுப் புள்ளைங்களுக்கு லட்டு புடிச்சிகினு கீறியே, இங்க உன் பொண்டாட்டி மூணு வருஷமா மாவு தட்டிகினு கீறா. கோயில்ல பக்கத்து ஊட்டுப் பூங்காவனம் கேக்குறா, மருமவளுக்கு இன்னும் விசேஷம் இல்லியான்னு. நான் இன்னா சொல்றது?"

"நான் சொல்லட்டுமா அத்தை?" என்றாள் சௌம்யா. "அவரு இங்க இருந்தா நான் ஆரணியில. நான் இங்க இருந்தா அவரு தீவுல. புள்ளை என்ன, கூரியர்லயா வரும்?"

போனுக்குள் தேவா சிரித்துவிட்டான்.

"சிரிக்காதடா. ஆடியில தரிச்சா சித்திரையில பொறக்கும். குடும்பத்துக்கு ஆவாது. இத நானா கண்டுபுடிச்சேன்?"

சௌம்யா கையைக் கழுவிக்கொண்டாள். "வர்ற ஆடிக்கு நான் ஆரணி போகலை. இங்கதான் இருப்பேன். என்னங்க, நீங்களே சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. "நான் என்ன சொல்றது... அம்மா இருக்காங்கல்ல, அவங்க பார்த்து..." என்று இழுத்தான். அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். "வேலை இருக்கு, வெச்சிடறேன்" என்றான்.

சௌம்யா நாகம்மா பக்கம் திரும்பினாள்.

"உங்களைத்தான் கேக்குறேன் அத்தை. ஆடிக்கு நான் இங்கயே இருக்கட்டுமா?"

நாகம்மா அடுப்பை அணைத்தாள். கடைசி அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெய் போக அழுத்தினாள். சொட்டு நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு, அவளை உரசாமல் ஒருக்களித்து, கூடத்துக்குப் போய்விட்டாள்.