ஒரே தேதியில் படையலும் பிறந்தநாளும்

எங்க மகள் பொறந்த அன்னைக்கேதான் என் மாமனார் போய்ச் சேர்ந்தார். இவள் நெய்வேலி ஆஸ்பத்திரியில, அவர் பண்ருட்டிப் பக்கத்து ஊர்ல. ஒரு வரவு, ஒரு போக்கு, ரெண்டும் ஒரே காலையில. அதுலேர்ந்து வருஷா வருஷம் அந்தத் தேதி வந்தா எங்க குவார்ட்டர்ஸ்ல படையல்தான். போட்டோவுக்கு மாலை, இலை நிறைய வடை, பாயசம், அவருக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு. கேக் மறுநாள். மறுநாள் வீட்டுக்காரருக்கு செகண்ட் ஷிஃப்ட்டா இருந்தா அதுவும் கிடையாது.

ஊர்ல இவரோட அண்ணன் திதி பார்த்துத்தான் படைக்கிறார். திதின்னா வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும். நாமளும் அப்படியே பண்ணினா பொண்ணோட நாள் பொண்ணுக்குக் கிடைக்குமேன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தேதி தேதிதான்னு சொல்லிட்டு மைன்ஸுக்குக் கிளம்பிடுவார். அதுக்கு மேல வாயில கொழுக்கட்டைதான். லீவு சொல்ல வசதின்னு இப்படிப் பண்றாராக்கும்னு நானே ஒரு காரணம் கட்டிக்கிட்டேன்.

மகளோட பள்ளிக்கூடத்துல தினமும் ஒரு பிள்ளை 'வரலாற்றில் இன்று'ன்னு போர்டுல எழுதணும். நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள்னு மூணு தலைப்பு. இந்த வருஷம் அவ பிறந்தநாள் அன்னைக்கே அவ முறை வந்துச்சு. பெருமையாத்தான் போனாள். சாயங்காலம் படையல் போட்டு, இவர் கற்பூரம் ஏத்தப் போற நேரத்துல பக்கத்துல வந்து நின்னாள்.

"பொறந்தவங்க பேரையும் செத்தவங்க பேரையும் பக்கத்துல பக்கத்துல எழுதினேன்ப்பா. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் சம்பந்தமே இல்லை, நாள் மட்டும்தான் ஒண்ணுன்னு மிஸ் சொன்னாங்க. நம்ம தாத்தா மட்டும் என்னாலயா செத்தார்?"

இத்தனை வருஷமா பிள்ளை இதைத்தான் மனசுல போட்டுப் புழுங்கிக்கிட்டு இருந்திருக்கா. வந்த ஆத்திரம் எல்லாம் இவர் மேலதான். இப்பவாவது வாயைத் திறங்கன்னு ஒரு அதட்டு அதட்டினேன்.

கற்பூரத் தட்டைக் கீழே வெச்சார். ஊர்ப்பேச்சு அவருக்கு எப்பவாவதுதான் வரும், அன்னைக்கு வந்துச்சு.

"உன்னால இல்லம்மா. வூட்லேர்ந்து ஃபோன் வந்தப்ப உன்னைக் கையில வச்சிகினு சிரிச்சிகினு இருந்தேன். சேதியைக் கேட்ட அப்புறமும் சிரிப்பு அடங்கல. பெத்த அப்பன் செத்துட்டார்னு சொல்றாங்க, எனக்கு அழுகையே வரல."

அடக் கடவுளே. அப்பாவுக்குத்தான் படைக்கிறார்னு நினைச்சு நான் வருஷா வருஷம் வடை சுட்டேன். இந்த மனுஷன் பொண்ணு பொறந்த சந்தோஷத்துக்குத் தனக்குத்தானே தண்டனை போட்டுக்கிட்டு இருந்திருக்கார். கோபம் போன இடம் தெரியலை. பாவமாத்தான் இருந்துச்சு.

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாள்.

"அவ்ளோ சந்தோஷமாப்பா?"ன்னு கேட்டாள்.

ஆமான்னு தலையை ஆட்டினார். ஆட்டிக்கிட்டே, மாமனார் போனதுக்கு அன்னைக்குத்தான் முதல் தடவையா அழுதார்.