நான் வெளியேறினால் நின்றுவிடும் பக்கம்

அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். விருத்தாசலத்திலேயே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான்கு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று பழுதானாலும் எல்லோருடைய நேரமும் மாறிவிடும். பெண்ணாடத்திலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு அது தெரியாது. வந்து பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஒரு இணையப் பக்கம் செய்தேன். அங்கே இருக்கும் சிஸ்டர் தன் போனில் நேரத்தை மாற்றினால், நோயாளியின் எண்ணுக்கு நேராக எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒரு சென்னை மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வீடு செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால். களிமண் லாரி போனால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் மீட்டிங்கில் பேச முடியும். இந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ள அலுவலகத்தின் பழைய சர்வர் ஒன்றில் எனக்கு இடம் கொடுத்தார்கள். சாதாரணக் கணக்குதான், சர்வர் முழுவதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரம் கிடையாது. மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் கன்டெய்னர் என்கிற ஒரு தனிப் பொதிக்குள் போட்டு, என் கணக்கிலேயே ஓடவிட்டேன். இங்கிருந்து ரிமோட்டாக உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வேன்.

முதல் வாரத்திலேயே சிஸ்டர் கூப்பிட்டார். "மேடம், பக்கம் வரலங்க. சுத்திக்கினே இருக்குது."

உடனே லேப்டாப்பைத் திறந்து சர்வருக்குள் போனேன். கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது. என் போனிலும் பக்கம் வந்தது.

"இப்ப பாருங்க சிஸ்டர்."

"ஆமாங்க, வந்துடுச்சி."

ஆஸ்பத்திரியின் நெட் சரியில்லை என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே அழைப்பு. நான் போய்ப் பார்த்தால் அதே மாதிரி நன்றாக ஓடுகிறது. மூன்றாவது முறை கொஞ்சம் எரிச்சலாகவே பேசிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு மதியம் போனபோது, வாசல் பெஞ்சில் ஒருவர் சாய்ந்து கிடந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கியது. பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். காலை நேரம் மதியத்துக்கு மாறியிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை.

"போன்ல பாக்கலியா அக்கா?" என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து எத்தினி வாட்டி பாத்தேன் தெரியுமா? ஒண்ணுமே வரலம்மா. சரி, மாறல போலிருக்குதுன்னு கெளம்பி வந்துட்டோம். ஆறு மணி நேரமா இப்படியே கெடக்கறாரு."

அந்தப் பக்கத்தைச் செய்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவை உள்ளே படுக்கவைத்துவிட்டு வராந்தாவில் நடந்தேன். உட்கார முடியவில்லை. தண்ணீர் வாங்கப் போய், வாங்காமலே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் சர்வரின் பதிவுகளை வரிவரியாகப் படித்தேன். கன்டெய்னர் பிழையால் விழவில்லை. யாரோ நிறுத்தச் சொன்ன மாதிரி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக நின்றிருந்தது. அந்த சர்வரை நிர்வகிக்கிறவர் சென்னையில் இருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. அவர்மேல்தான் சந்தேகம் போயிற்று. போன் போட்டேன்.

"சார், என் கன்டெய்னரை நீங்க நிறுத்துறீங்களா?"

"நான் எதுக்குங்க நிறுத்தணும்? உங்க கணக்குப் பக்கமே நான் வர்றதில்ல."

"பின்ன யார் சார் நிறுத்துறது? இங்க ஒரு பேஷன்ட் காலையிலேருந்து..."

"அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்? சரியாப் பாத்துட்டுப் பேசுங்க." வைத்துவிட்டார்.

அவர் நிறுத்துகிறார் என்பதை நிரூபித்துவிடத்தான் யார் யார் எப்போது சர்வருக்குள் வந்தார்கள், போனார்கள் என்ற பட்டியலை எடுத்தேன். அதில் என் பெயரைத் தவிர வேறு பெயரே இல்லை. நான் வெளியேறிய நேரங்களையும் கன்டெய்னர் நின்ற நேரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பத்து விநாடிதான் வித்தியாசம்.

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த அப்பாவிடம் போனைக் கொடுத்து, பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். சர்வரிலிருந்து வெளியேறினேன்.

"வருதாப்பா?"

"வருது... வருது... ம்ஹூம், போயிடுச்சி."

மறுபடி உள்ளே போனேன்.

"இப்ப?"

"வந்துடுச்சிம்மா. இன்னா பண்ண?"

ஒன்றும் பண்ணவில்லை. உள்ளே போனேன், அவ்வளவுதான். என் கணக்கில் நான் நுழைந்தால் என் வேலைகளெல்லாம் தானாகத் தொடங்கும்படி நானே எழுதியிருந்தேன். கடைசி இணைப்பை மூடியதும், ஆள் போய்விட்டார் என்று சர்வர் அந்த வேலைகளை நிறுத்திவிடுகிறது. சாதாரணக் கணக்குகளுக்கு அதுதான் வழக்கமாம். அதனால் நான் சோதிக்கப் போகும்போதெல்லாம் எல்லாம் சரியாக இருந்தது. சிஸ்டரிடம் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்து காது சுட்டது.

ஆள் போன பிறகும் வேலைகளை ஓடவிட 'லிங்கர்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், அனுமதி இல்லை என்றது. ரூட் உள்ளவர்தான் செய்ய வேண்டும். நான் சந்தேகப்பட்ட அதே மனிதரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"சார், தப்பு என்மேலதான். மன்னிச்சுக்குங்க."

விஷயத்தைச் சொன்னேன். கீபோர்டு தட்டுவது மட்டும் கேட்டது.

"போட்டாச்சு. ஒரே வரி. முதல் நாளே நானே போட்டுக் கொடுத்திருக்கணும்ங்க. இப்ப வெளிய வந்து பாருங்க."

வெளியேறினேன். அப்பா பத்து நிமிடம் போனைத் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஸ்ரீமுஷ்ணத்து அக்காவைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அதற்கு முன்பே சிஸ்டரிடமும் சொல்லியிருந்தேன், அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"அன்னிக்கி ரொம்ப பயந்துட்டேம்மா," என்றார். அவருடைய கணவர் உள்ளே இயந்திரத்தோடு படுத்திருந்தார். "இனிமே வரலன்னா யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டார். அது நான் யோசிக்காத ஒன்று. என் எண்ணை அவர் போனில் நானே பதிந்து கொடுத்தேன். அன்று மாலை சிஸ்டரின் எண்ணையும் எல்லோரும் குறித்துக்கொள்ளும்படி வாசல் பெஞ்சுக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டினேன்.

அடுத்த வாரம் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணம். லேப்டாப் இல்லாமல் கிளம்பினேன். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே, பக்கம் வருகிறதா என்று நான்கு முறை போனை எடுத்துப் பார்த்தேன். நான்கு முறையும் வந்தது.