கட்டாரில் மழை பெய்யுமா?

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வாவியில் மீன் பாடுமா என்று கேட்பார்கள். பாடினால் பாடட்டும், பாடாவிட்டால் போகட்டும். கேள்வி கேட்கிற ஆளைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. சுனாமிக்கும் சண்டை முடிந்ததற்கும் இடையில் மட்டக்களப்பில் குடும்பம் நடத்திய எவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

அப்போது என் தம்பி என் வீட்டுப் பின்னறைக்குள் இருந்தான். பத்தொன்பது வயது. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டில் பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிடித்தது யார் என்று யாரும் பெயர் சொல்வதில்லை, 'ஆக்கள்' என்போம், அவ்வளவுதான். நான் தம்பியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, கட்டாருக்குப் போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னேன். அம்மா அப்பா இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளையான எனக்கு வந்தது. கலியாணம் கட்டி இன்னொருத்தி வீட்டுக்குப் போகும்வரை தம்பி என் பொறுப்பு. அவனுக்கு ஒன்று நடந்தால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம் என்றுதான் அந்த நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொய் சொல்லத் தெரிந்த எனக்கு ஊர் வழக்கம் மறந்துவிட்டது. இங்கே ஒருவன் கட்டாருக்குப் போகிறான் என்றால் சத்தமில்லாமல் போக முடியாது. அயலில் உள்ளவர்கள் அங்கே இருக்கிற தங்கள் பிள்ளைக்கென்று கருவாட்டுப் பார்சல், மாங்காய் ஊறுகாய், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் எல்லாம் கொண்டுவந்து திணிப்பார்கள். போகிறவனுடைய பையில் பாதி மற்றவர்களின் கருவாடுதான். என் தம்பியோ ஒரு நெத்தலித் தலைகூட இல்லாமல் கட்டார் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதை முதலில் பிடித்தவர் பக்கத்து வளவு அன்ரி. போர்த்துக்கேய வழிவந்த பறங்கி மனிசி. கடற்கரையில் இருந்த வீடு சுனாமியோடு போய், முகாமில் கிடந்து, பிறகு எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் ஒரு தகரக் கொட்டிலில் தனியே குடியிருந்தார். கவுன் போட்டுக்கொண்டு தையல் மெஷினை மிதித்தபடி இருப்பார். ஒரு மகன் இருந்து இல்லாமல் போனதாகக் கேள்வி. அந்த வருடங்களில் ஒருவர் இல்லை என்றால் கடல் கொண்டுபோய்விட்டது என்று நாங்களே நினைத்துக்கொள்வோம், மேலே கேட்பதில்லை.

"தம்பி கட்டார் போனதாம்? ஒரு பார்சல் குடுக்கவும் ஏலாமப் போச்சே. என்னகா அப்பிடி அவசரம்?" என்றார் அன்ரி.

"விசா திடீரெண்டு வந்திச்சு அன்ரி."

"விசா திடீரெண்டு வருமா புள்ள?"

அன்றைக்குத் தொடங்கியது. வேலியடிக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வியோடுதான் வருவார். உலகத்தில் எல்லார் மனதிலும் கிடக்கிற கேள்விகள்தான். கொட்டாவி மட்டும் ஏன் ஒரு ஆளில் இருந்து மற்ற ஆளுக்கு ஒட்டுது, தும்மல் ஏன் ஒட்டுறல்ல? வெங்காயம் வெட்டுறவள் அழ, பக்கத்தில நிக்கிறவளும் ஏன் அழுறாள்? தெரிஞ்ச ஆள்ற காலடிய நாய் எப்பிடிக் கண்டுபிடிக்குது? நான் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்து ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். கொட்டாவியைப் பற்றி ஏன் கேட்டார்? தம்பி விட்ட கொட்டாவி வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டதா? எங்கள் நாய் பின்னறை வாசலில் போய்ப் படுப்பதைக் கண்டாரா? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரு மாரிகாலத்தில் என் உடுப்புக் கொடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மழை நாளையில சாரன் காய்ஞ்சாலும் ஏன்கா மணக்குது? கவுன் அப்பிடி மணக்கிறல்ல."

கொடியில் தம்பி இடுப்பில் கட்டுகிற சாரன் தொங்கியது. என் புருஷன் கரடியனாற்று வயல்வட்டையில் வேளாண்மைக்குக் காவலிருந்து சனிக்கிழமையில்தான் வீட்டுக்கு வருவார். அன்றைக்குச் செவ்வாய். அதற்குப் பிறகு தம்பியின் உடுப்பெல்லாம் அடுப்படிக்குள்தான் காய்ந்தது.

பிறகு கேள்விகள் கட்டார்ப் பக்கம் திரும்பின.

"கட்டார்ல மழை பெய்யுமா புள்ள?"

"பெய்யும் அன்ரி. கனக்கப் பெய்யா."

"பெய்யுமா, பெய்யாதா?"

"தம்பிட்டக் கேட்டுச் சொல்றன்."

தம்பிக்கு அங்கே தோட்ட வேலை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்திருந்தேன். மணலில் தோட்டம் போடத் தண்ணீர் எங்கால் என்றார். அங்கே காகம் இருக்கிறதா என்றார். லீவு என்ன நாள், இங்கே விடியும்போது அங்கே என்ன நேரம், எல்லாம் அவருக்கு வேண்டும். உள்ளே போய்த் தம்பியைக் கேட்டால், "எனக்கெப்பிடித் தெரியும், நான் போனனா?" என்பான். விசர்க் கோபத்தில் ஒரு நாள் அகப்பைக் காம்பால் அவனுக்கு ஒன்று போட்டேன்.

கடைசியில் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவிடம் போனேன். பல வருடம் கட்டாரில் இருந்து வந்தவர். சீத்தைத் துணி பார்ப்பதுபோல் நின்று, தம்பி அங்கே இருக்கிறான் என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டேன். மழை எப்போதாவது ஒரு நாள் வருமாம், வந்தால் ரோட்டெல்லாம் வெள்ளமாம். கடல் தண்ணீரைக் காய்ச்சித்தான் நல்ல தண்ணீர் எடுக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை லீவு. நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். "இதெல்லாம் தம்பி சொல்றல்லையா தங்கச்சி?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவரும் அந்தக் கூட்டமா என்று எனக்குப் பட்டுவிட்டது. சீத்தையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அன்ரி கேட்டால் டக்கென்று பதில் சொன்னேன். மனிசி விட்டால்தானே. கேட்டதையே அடுத்த கிழமை மாற்றிக் கேட்பார். "போன கிழமை காகம் இல்லையெண்டாய்?" என்பார். "இப்பவும் இல்லையெண்டுதான் சொல்றன்" என்பேன். பொலிஸ்காரன்கூட இப்படி விசாரிக்க மாட்டான். இந்த மனிசி ஆக்களுக்குத் தகவல் சொல்கிறவள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கிறிஸ்மஸுக்குத் தந்த கேக்கைக் கோழிக்குப் போட்டேன். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்காக என் சந்தேகம் தீரவுமில்லை.

புருஷனிடம் சொன்னேன். "கிழவி பாவம், தனிய இருக்கு. கதைக்க ஆள் இல்லாமக் கேக்குது" என்றார். ஆம்பிளைகளுக்கு எல்லாக் கிழவியும் பாவம். தம்பியைக் களுவாஞ்சிக்குடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றலாம் என்றால், வழி முழுக்கச் சோதனைச் சாவடி. அவனை வைத்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை.

ஒரு முற்பகலில் ஆக்கள் வந்தார்கள். ஒருவன் வாசலில் நின்ற வான் வண்டிக்குள் இருந்தான், இரண்டு பேர் கேற்றைத் திறந்து உள்ளே வந்தார்கள். குரல் உயர்த்தவில்லை.

"தம்பி எங்க, அக்கா?"

"கட்டார்ல."

"என்ன வேல?"

"தோட்ட வேல."

இளையவன் சிரித்தான். "பாலைவனத்திலயா தோட்டம்? தண்ணிக்கு என்ன செய்றான்?"

"கடல் தண்ணியக் காய்ச்சி எடுக்கிறாங்களாம்."

என் வாய் தன்பாட்டில் சொன்னது. மூத்தவன் கொடியைப் பார்த்தான். என் சட்டைகள்தான் கிடந்தன. திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"இப்ப அங்க என்ன நேரம்?"

"எட்டரையாகும். வேலைக்குப் போயிருப்பான்."

அவன் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொரு மணி. பிறகு வேலிக்கு மேலால் அன்ரியைக் கூப்பிட்டு, "இவ சொல்றது உண்மையாம்மா?" என்றான். சரி, இன்றைக்கு இந்தக் கிழவி காட்டிக்கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அன்ரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "ஓம் தம்பி. வெள்ளிக்கிழமையில ரெலிபோன் கோல் எடுப்பான். அங்க மழையே இல்லையாம்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்ரி மெஷினை விட்டு எழும்பி வேலியடிக்கு வந்தார்.

"பொடியனுக்கு இருமல் கூடிற்று. கொத்தமல்லி அவிச்சுக் குடு."

எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. "எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"நீ கட்டார் எண்டு சொன்ன அண்டைக்கே."

"தெரிஞ்சுகொண்டு என்னத்துக்கு அன்ரி என்ன இந்தப் பாடு படுத்தினீங்க? தின்ட சோறு இறங்கல்ல எனக்கு. உங்கள நான் எவ்வளவு திட்டியிருப்பன்."

அவர் கவுனில் ஒட்டியிருந்த நூல் துண்டுகளை எடுத்துக்கொண்டே இருந்தார்.

"என்ட மகனக் கடல் கொண்டு போச்செண்டுதானே நீயும் நினைச்ச?"

"ஓம்."

"கடலுக்குத் தப்பினவன் அவன். மறுகா முகாமுக்கு ஆக்கள் வந்து கேட்டாங்க. இத்தாலிக்குப் போய்ட்டான் எண்டன். இப்ப அங்க பகலா ராவா எண்டு கேட்டான் ஒருத்தன். நான் யோசிச்சன் புள்ள. யோசிச்சதே அவங்களுக்குப் போதுமாப் போச்சு."