நாற்பது மில்லிசெகண்ட் முன்னால்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது பட்டப்பகலில். அந்த ஸ்டூடியோவில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் இன்றும் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த மத்தியானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐவரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ரெக்கார்டிங் இன்ஜினியரை எல்லோரும் ‘மில்லி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அவரை வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். பாவம், டீயைத் தவிர எதையும் தொடாதவர் அவர். மைக்கில் விழும் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய், ஹெட்போனுக்குத் திரும்பி வர ஒரு தாமதம் ஆகும். ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கி, அந்தத் தாமதத்தில் ஒவ்வொரு மில்லிசெகண்டாகக் குறைப்பதில் அவர் கில்லாடி. பெயர் வந்தது அப்படித்தான்.

அன்று வந்தது நான்கு பேர் கொண்ட குழு. பாடுகிறவளை எல்லோரும் ‘அக்கா’ என்றார்கள். காரணம், அந்தக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தது அவளுடைய தங்கை. எட்டு மாதம் முன்பு வரை.

தங்கை நல்ல கைக்காரி. ஒரே குறை, தாளத்தில் முந்துவாள். கடைசி ஒத்திகையில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“உன் பின்னாடி ஓட என்னால முடியாது. நீ தனியாவே போ.”

தங்கை குச்சிகளைக் கீழே வைத்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஒரு லாரி. வீடு போய்ச் சேரவில்லை.

அன்று பதிவு செய்ய வந்தது, ஒத்திகையில் பாதியில் நின்ற அதே பாட்டைத்தான். ட்ரம்ஸுக்குப் புது ஆள் ஒருவரை அழைத்திருந்தார்கள். நடந்தது எதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மதியம் 2:10க்கு ஆரம்பித்தார்கள். கிடாரும் பேஸும் பெரிய அறையில். அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சின்ன அறையில். ட்ரம்ஸ் மட்டும் வராந்தாக் கடைசியில் இருந்த தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த அறைக்குள் நடப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. பேச்சு மட்டும் ஹெட்போன் வழியே வரும்.

முதல் தடவையே ட்ரம்மர் குறை சொன்னார். தான் அடிப்பது ஹெட்போனில் தாமதமாக விழுகிறதாம். வழக்கமான வியாதிதான். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். அந்தச் சேமிப்புக்கு பஃபர் என்று பெயர். மில்லி அண்ணன் அதை 512லிருந்து 128க்குக் குறைத்தார். எதிரொலிக்காகப் போட்டிருந்த எஃபெக்டைக் கழற்றினார். இன்டர்நெட்டை அணைத்தார். கடைசியில் 64க்கே கொண்டுவந்துவிட்டார்.

2:50க்கு எல்லாம் கச்சிதம்.

3:35க்கு மறுபடியும் ட்ரம்மரின் குரல். இந்த முறை அதில் ஒரு தயக்கம்.

“அண்ணே... இப்ப லேட்டா வரல. முன்னாடி வருது.”

“என்னது?”

“நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே சத்தம் கேக்குது.”

மில்லி அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் ஒலியைப் பிந்தித் தரலாம். இன்னும் பிறக்காத ஒலியை அது எங்கிருந்து தரும்? பழைய பதிவு ஏதாவது கூடவே ஓடுகிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. அன்று காலையில்தான் புதிதாகத் திறந்த கோப்பு அது.

பதிவானதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஒவ்வொரு அடியும் ஒரு மேடு மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால், ஒட்டினாற்போல், இன்னொரு சின்ன மேடு. அளந்தார். நாற்பது மில்லிசெகண்ட்.

எல்லா அடியிலும்... நாற்பது.

கேபிளை மாற்றினார். மைக்கை மாற்றினார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார்.

நாற்பது.

அக்கா தன் ஹெட்போனில் அதைப் போடச் சொன்னாள். மில்லி அண்ணன் போட்டுக் காட்டினார். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

“அண்ணே,” என்றாள். “எதையும் மாத்தாதீங்க.”

“என்னம்மா இது?”

“அவ கை எனக்குத் தெரியும்.”

 கிடார்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

4:24. கடைசி டேக். ட்ரம்மர் தயாரா என்று மில்லி அண்ணன் மைக்கில் கேட்டார்.

பதில் பேச்சாக வரவில்லை. குச்சிகள் இரண்டு தரம் தட்டிக்கொண்டன.

டக்... டக்.

பாட்டு ஆரம்பித்தது.

முதல் சரணத்தில் தாளம் முந்தியது. அக்காவின் குரல் தடுமாறியது. கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டுக்கு நடுவே, மூச்சோடு மூச்சாக, ஏதோ சொன்னாள்.

“இருடி... நானும் வர்றேன்.”

ட்ரம்ஸ் ஒரு கணம் நின்றது.

ஒரே கணம்.

பிறகு, மெதுவாக...

அவளோடு சேர்ந்து நடந்தது.

கடைசி வரி வரை.

4:29. பாட்டு முடிந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எட்டு மாதமாக அழாத அழுகை. அவளைத் தேற்றிவிட்டு மில்லி அண்ணன் ட்ரம்ஸ் அறைக்குப் போனபோது அங்கே ஆள் இல்லை. பாட்டு முடிந்ததும் கிளம்பிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். கடைசி வரை தன்னை விட்டுப் போகாமல் வாசித்த அந்த ட்ரம்மருக்கு நன்றி சொல்லிவிடச் சொன்னாள். மில்லி அண்ணனும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.



“அண்ணே... மன்னிச்சிடுங்க. பயந்துட்டேன். கடைசி டேக் நான் வாசிக்கல.”

மில்லி அண்ணன் போனை வைத்துவிட்டு நேராக வாசலுக்குப் போனார். காவலாளியின் நோட்டைப் புரட்டினார்.

முந்தின நாள் பக்கத்தில் ட்ரம்மரின் கையெழுத்து இருந்தது.

வெளியே சென்ற நேரம்... 4:15.