மச்சான் பெயர்

கெடிசாவுக்குத் தொண்டைதான் சொத்து. எங்கள் ஊரான லாயேயின் துறைமுகத்தில் அவன் ஒரு குரல் கொடுத்தால் கிரேன்காரன் கையை எடுத்துவிடுவான். கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றாலும் அதே தொண்டைதான். பின்வரிசை ஆட்களைப் பெயர் சொல்லி விரட்டிக்கொண்டே இருப்பான். நாட்டுக் கால்பந்து அணியில் ஆறு வருஷம் அவனுக்கு மாற்று கோல்கீப்பராகப் பெஞ்சைத் தேய்த்தவன் நான். அவன்மேல் பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

ஒலிம்பிக் தகுதிப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. எட்டுத் தீவு நாடுகள் மோதின. ஜெயிப்பவர் மட்டும் ஒலிம்பிக் போகலாம். அதற்கு மூன்று வாரம் முன்பு இந்த மகராசன் கல்யாணம் செய்துகொண்டான். பெண் யார்? எங்கள் கேப்டனும் தடுப்பாட்டக்காரனுமான யாக்கமின் தங்கை. போதுமே! எங்கள் வழக்கப்படி மச்சான் பெயரை மச்சான் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால், சொன்னவன் பன்றி வெட்டி விருந்து வைக்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது.

முதல் ஆட்டம் வனுவாட்டுவோடு. பந்து உயரமாக வந்தது. கெடிசா ஓடிவந்து, "மச்சான், விடு!" என்று கத்தினான். எங்கள் ஊரில் மச்சான் இல்லாதவன் யார்? வழியில் போகிறவனும் மச்சான்தான். பின்வரிசையில் மூன்று பேர் மரியாதையாக நின்றுவிட்டார்கள். பந்து வலைக்குள் போய்விட்டது. தோற்காமல் தப்பியதே பெரிய பாடு.

எங்கள் கோச்சின் பெயர் மாலே. தலைநகரத்துக்காரர், எங்கள் வழக்கம் தெரியாதவர். கொதித்துப் போனார். "பேரைச் சொல்லித் தொலையேன்டா! இல்ல நம்பரையாவது சொல்லு!"

"மச்சான நம்பர் போட்டுக் கூப்பிட நான் என்ன ஜெயிலரா, கோச்?"

"இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, போவாஸ்தான் கோலுக்கு நிப்பான்."

போவாஸ் நான்தான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

இறுதி ஆட்டம் ஃபிஜியோடு. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். கோச் சொன்னபடி நான் கோலுக்குப் பின்னால் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன். கடைசி நிமிஷத்தில் அதே மாதிரி உயரப் பந்து. யாக்கம் தலையால் முட்டத் துள்ளப் போனான். கெடிசா வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஐயோ, போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் யாக்கம் குனிந்துகொண்டே கத்தினான்: "கெடிசா! உன்னுது!"

கெடிசா பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். ஜெயித்துவிட்டோம்.

ஊர் ஆடிப் பாடியது. ஆனால் டிவியில் யாக்கமின் வாய் அசைந்ததை அவன் தாய்மாமன் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எங்களைக் கூட்டினார். பன்றிக்கோ படகில் கிராமத்துக்குப் போக வேண்டும். அணிக்கோ ஒலிம்பிக் பயிற்சி முகாமுக்கு மறுநாளே விமானம். விருந்து வைக்காமல் இருவரும் சேர்ந்து போக முடியாது. கேப்டனை யார் விட்டுவிட்டுப் போவார்கள்? கெடிசாதான் ஊரில் தங்கியாக வேண்டும். அப்படியானால் கோல் கம்பம் எனக்கு.

"போவாஸ், நீதான கோலுக்குப் பின்னாடி நின்ன. எங்க பய இவன் பேரச் சொன்னானா? உள்ளதச் சொல்லு."

கெடிசா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெஞ்சைத் தேய்த்தது ஆறு வருஷம்!

"அந்தக் கூச்சல்ல எம்பேரே எனக்குக் கேட்டிருக்காது, மாமா," என்றேன்.

பெரியவர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி, போய்ட்டு வாங்க," என்றார்.

ஒலிம்பிக்கில் மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் நான் பெஞ்சில்தான். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் உயரப் பந்து வந்து கெடிசா முன்னால் ஓடிய போதெல்லாம் நான் எழுந்து நின்று, தொண்டை கட்டும்வரை கத்தினேன்: "யாக்கம், விடு!"