ஊரைச் சொல்லாமல் வாசித்த பெயர்கள்

காலை ஆறரை மணிக்கு, எங்கள் முகாமின் ஒலிபெருக்கியின் கீழ் சனம் கூடி நிற்பதைத்தான் முதலில் கண்டேன். இடம்பெயர்ந்து வெவ்வேறு முகாம்களில் சிதறியிருந்தவர்களின் பெயர்களைத் தினமும் ஊர் ஊராக வாசிப்பது என் வேலை. தேடுவதற்கு இலகு என்று நினைத்து, அன்று ஊர்களை விட்டுவிட்டு எல்லாப் பெயர்களையும் அகரவரிசையில் வாசித்தேன்.

மறுநாள் ஒருவர் மறித்தார். "தம்பி, நேற்று ஏன் எங்கடை ஊர் மயிலிட்டியை வாசிக்கேல்லை?"

"எல்லாற்றை பேரும் வாசிச்சனான், அண்ணை."

"நல்லா வாசிச்சீர்! ஊரைச் சொன்னாத்தானே நாங்கள் காது குடுப்பம். எத்தினை சாந்தி இருக்கினம்! எங்கடை ஊர்ப் பொன்னம்மாக்கா, மகள் சாந்தியின்ரை பேர் வரேல்லையெண்டு அவளைத் தேடி நேற்றே கிளாலியாலை வள்ளமேறி வன்னிக்குப் போயிட்டா."

மயிலிட்டிச் சாந்தியின் பெயரை நான் வாசித்திருந்தேன்.

அன்று ஊரைச் சொல்லி, அதன்கீழ் பெயர்களை அகரவரிசையில் வாசித்தேன். பின்னேரம் சாந்தி வேறொரு முகாமிலிருந்து தாயைத் தேடி எங்கள் முகாமுக்கு வந்தாள்.