வேகவைக்கக் கூடாத எலும்பு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதித் தரும்படி அண்ணியார் என்னைக் கேட்டுக்கொண்டார். அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் குறிப்பெழுதியவனுக்கு இது எளிது என்று நினைத்திருப்பார். எளிதாக இல்லை.

அண்ணன் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், ஏரி வாய்க்காலை ஒட்டிய தெருவில் பிறந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த அப்பா இறந்தபோது அவர் பத்தாம் வகுப்பில் இருந்தார். காரியம் முடிந்த மறுநாள் தன் புத்தகங்களை என் பையில் போட்டுவிட்டு அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை கிடைத்தது. திருமணமாகி வில்லியனூர் பக்கம் குடிவந்தார். நான் பட்டம் வாங்கி ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக நுழைந்தது அவர் பார்த்த ஷிப்டுகளால்தான். விதிகளைப் படித்தது மட்டும் என் சொந்த முயற்சி.

அந்தக் கம்பெனி மூடப்பட்டபோது, அவருடன் வேலை பார்த்த ஆரோக்கியம் ஒரு கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேவாலயப் பாடற்குழுவில் வாசிப்பவர். கிடாரின் கழுத்து உச்சியில் கம்பிகள் ஏறிப் போகும் சிறு துண்டை ‘நட்’ என்பார்கள். சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. பிளாஸ்டிக்கில் செய்த அது உடைந்திருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சூப்பில் கிடந்த எலும்பை எடுத்து அறுத்து, ராவி, அதே அளவில் ஒன்று செய்து பொருத்தினார். இரண்டு பாட்டு வரை நின்றது. மூன்றாவது பாட்டில் பிளந்தது.

“இன்னா அண்ணே, பூசை பாதியில மானம் போச்சே” என்று ஆரோக்கியம் வந்து நின்றார்.

“வெந்த எலும்புடா அது. வெந்தா உசுரு போயிடும் போல இருக்கு. பச்சை எலும்பு கொண்டா, பாப்போம்” என்றார் அண்ணன்.

அன்று முதல் அதுவே அவருடைய தொழில். காதர் பாய் கறிக்கடையில் மாட்டின் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை மட்டும் வாங்குவார். இரு முனைகளையும் அறுத்து, கம்பியால் மஜ்ஜையைத் தள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைப்பார். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொழுப்பு மிச்சமிருந்தால் ஓசை மந்தமாகிவிடும். பிறகு நிழலில் ஒரு வருடமாவது காய வேண்டும். வெயில் பட்டால் வெடிக்கும். காய்ந்ததைச் சிமெண்டுத் தரையில் போட்டால் மணி போல ஒலிக்கும். ஒலிக்காததைத் தூக்கி எறிந்துவிடுவார். கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து அவர் தேய்க்கும்போது, துணி துவைக்கவும் எலும்பு ஊறவைக்கவும் தனித்தனி வாளி கேட்டு அண்ணியார் சண்டை பிடிப்பார். அவர் செய்த துண்டுகளைப் பொருத்திய கிடார்கள் புதுவையிலும் கடலூரிலும் வாசிக்கப்பட்டன.

நான் ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தபோது, அண்ணன் வீட்டுத் தொட்டிகளிலிருந்து நாற்றம் வருவதாக எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. கோப்பு என் மேசைக்கே வந்தது. உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பைத் தொடாமல் மேலே அனுப்ப வேண்டும் என்பது விதி. எல்லா விதியும் அறிந்த எனக்கு அது மட்டும் அன்று நினைவுக்கு வரவில்லை. அண்ணனென்று சலுகை காட்டினான் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது. இறைச்சிக் கடைகளுக்கு அனுப்பும் பழைய நோட்டீஸை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். ‘இருப்பிலுள்ள எலும்புகள் அனைத்தையும் ஏழு நாட்களுக்குள், இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும்.’ கீழே, ‘ஆணையருக்காக’ என்று போட்டு என் கையெழுத்து.

அண்ணன் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் எலும்பு வேலையை விட்டுவிட்டுச் சேதராப்பட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அறுபது வயதைத் தாண்டியவர்.

“எதையும் பாதியில வுட்டுட்டுப் போறதே உனக்கு வழக்கம்ணே” என்று அண்ணியார் முன்னாலேயே சொன்னேன்.

“ஆமாண்டா, எனக்குப் பொறுமை பத்தாது” என்று சிரித்தார். ஒரு எலும்பு காய ஒரு வருடம் காத்திருப்பவர் சொன்ன பதில் அது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு மீண்டும் வாரம் ஒரு எலும்பாக வாங்கி, ஊறவைத்து, காயவைத்துத் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இதயம் பழுதுபட்டது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதப் படிவத்தை நான் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

“போடுடா. உன் கையெழுத்துன்னா எனக்குப் பயம் இல்ல” என்றார்.

அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொற்கள் அவை. நான்காம் நாள் வீட்டுக்கு உடலாகத்தான் வந்தார்.

தகனத்துக்கு மறுநாள் பால் தெளித்து எலும்பு எடுக்க மயானத்துக்குப் போனோம். சாம்பலிலிருந்து முதல் துண்டை எடுத்தேன். என் விரல்களுக்கு இடையிலேயே நொறுங்கியது.

“பாத்து எடுங்கய்யா, வெந்த எலும்பு. அழுத்துனா மாவாயிடும்” என்றார் மயானத்தில் வேலை பார்ப்பவர்.

பக்கத்தில் நின்ற ஆரோக்கியம் சட்டென்று அழுதுவிட்டார். “அன்னிக்கும் இப்பிடித்தான் சார் ஆச்சு” என்றார்.

“என்னைக்கு?”

“நோட்டீஸ் வந்த அன்னிக்கு. மூணு வருசமா காயவச்ச எலும்பு, ரெண்டு மூட்டை. அத்தினியும் அண்டாவுல போட்டுக் கொதிக்க வுட்டாரு. ‘வேணாம்ணே, உங்க தம்பிதான, போயி ஒரு வார்த்தை சொல்லுங்க’ன்னு கெஞ்சினேன். ‘டேய், என் தம்பி கையெழுத்துடா இது. அவன் கையெழுத்த நானே மதிக்கலன்னா ஊர்ல எவன் மதிப்பான்’னாரு. ரெண்டு எலும்ப மட்டும் ஒளிச்சி வைக்கச் சொன்னேன். அதுக்கும் ஒத்துக்கல. அப்புறம் எல்லாத்தையும் குழி தோண்டிப் பொதச்சாரு. கேட்டவங்ககிட்டல்லாம் ‘பதம் தப்பிப் போச்சி, என் தப்பு’ன்னுட்டாரு.”

கலயத்தை அதன்பின் அண்ணியாரே பிடித்துக்கொண்டார். அன்றே நல்லவாட்டுக் கடலில் கரைத்தோம்.

அண்ணனின் கருவிப் பெட்டியில் அந்த நோட்டீஸ் நான்காக மடித்தபடி இருந்தது. வேறு எந்தக் காகிதத்தையும் அவர் பத்திரப்படுத்தியதில்லை.

மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், இறுதி ஊர்வலத்தன்று கடையை அடைத்துவிட்டு எங்களுடன் நடந்து வந்த காதர் பாய்க்கும், நான் கேட்காத உண்மையைச் சொன்ன ஆரோக்கியத்துக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கேட்ட துண்டுகள் அன்று கிடைக்காமல் போனதற்கு எங்களைப் பழி சொல்லாமல் வந்து நின்ற பாடற்குழுவினரை மறக்க மாட்டோம்.

ஒன்று மீதி இருக்கிறது. மேற்படி நோட்டீஸை இதன்மூலம் ரத்து செய்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். காலம் கடந்த உத்தரவு செல்லாது என்பதும் தெரியும். என் கையெழுத்தை மதித்த ஒரே மனிதருக்காக அதை இங்கே போடுகிறேன். ஆணையருக்காக அல்ல.

தம்பி